மீன் மூலையில் ஒளிந்தால் மருந்துப் பாட்டிலைத் தொடாதீர்கள்

இரவு ஒன்பது மணிக்கு மேல் எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்: "சார், மீன் மூலையிலேயே நிக்குது. கிட்டப் போனா பாய்ஞ்சு கண்ணாடியில முட்டுது. என்ன மருந்து ஊத்தலாம்?"

தூத்துக்குடியில் மீன்வளம் படித்துவிட்டு, சென்னையில் வீடு வீடாகப் போய் மீன் தொட்டி பார்க்கிற வேலை என்னுடையது. மருந்து கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "தொட்டிக்குப் பக்கத்துல என்ன இருக்கு?" பலருக்கு எரிச்சலாக இருக்கும். மீனுக்கு உடம்பு சரியில்லை என்றால் இவன் வீட்டு சாமான்களை விசாரிக்கிறானே என்று.

பெரம்பூரில் ஒரு அடுக்குமாடி வீடு. மூன்றடித் தொட்டியில் ஐந்து பாலா ஷார்க். பெயரில்தான் சுறா, மற்றபடி கெண்டை வகை. சுமத்ரா, போர்னியோ ஆறுகளில் கூட்டமாக ஓடித் திரியும் மீன். கடையில் விரல் நீளத்தில் பார்த்து ஆசைப்பட்டு வாங்குவோம், அது ஒரு அடிக்கு மேல் வளரும். இவை அரை அடியை எட்டியிருந்தன. ஐந்துக்கும் மூக்கு நுனி தேய்ந்து வெளுத்துப் போயிருந்தது. அந்த அம்மா அதற்குள் கல் உப்பு, நீல மருந்து, மஞ்சள் மருந்து என்று கடைக்காரர் சொன்னதையெல்லாம் ஊற்றி முடித்திருந்தார்.

நாற்காலி போட்டுத் தொட்டி முன்னால் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. மீன்கள் அழகாகச் சுற்றிக்கொண்டிருந்தன. டாக்டர் வாசலில் பல்வலி நின்றுபோன கதை. "இவ்ளோ நேரம் முட்டிக்கிட்டுதான் இருந்துச்சு தம்பி" என்று அந்த அம்மாவுக்குச் சங்கடம். அப்போது அவர் கணவர் வந்து பக்கத்தில் இருந்த இரும்பு பீரோவைத் திறந்தார். கைப்பிடி 'டடக்' என்றது. அடுத்த நொடி ஐந்து மீனும் வெள்ளிக் கோடாகப் பறந்து எதிர்க் கண்ணாடியில் மோதின.

தொட்டியின் ஸ்டாண்டும் பீரோவும் ஒட்டிக்கொண்டு நின்றன. பீரோவின் அதிர்வு இரும்பு ஸ்டாண்டில் இறங்கி, நேராகத் தண்ணீருக்குள் போயிருக்கிறது. காற்றைவிடத் தண்ணீரில் ஒலி நான்கு மடங்குக்கும் மேல் வேகமாக ஓடும். கெண்டை, கோல்டு ஃபிஷ், டெட்ரா, கெளுத்தி ஆகிய வகைகளுக்கு இன்னொரு வசதியும் உண்டு: வயிற்றிலுள்ள காற்றுப்பை வாங்கும் அதிர்வை உள்காதுக்குக் கடத்த ஒரு குட்டி எலும்புத் தொடர். மீன்களில் காது கூர்மையான கூட்டங்களில் இது ஒன்று. குழந்தைகள் கண்ணாடியைத் தட்டி "ஹாய்" சொல்வது அவற்றுக்கு எப்படிக் கேட்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரோடு தொட்டியை நகர்த்தக் கூடாது, அடிக்கண்ணாடி விரிசல் விடும். பீரோவை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினோம். பேச்சுவாக்கில் இன்னொன்றும் தெரிந்தது. விடியற்காலை நாலரைக்கு எழுந்ததும் கும்மிருட்டில் முதலில் போடுவது தொட்டி லைட்டைத்தானாம், "நைட் லேம்ப் மாதிரி". மீனுக்கு இமை கிடையாது. அதன் கண் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குப் பழகப் பல நிமிடங்கள் பிடிக்கும். முதலில் அறை விளக்கு, கால் மணி நேரம் கழித்துத் தொட்டி விளக்கு. அணைக்கும்போது தொட்டி முதலில், அறை பிறகு. இவ்வளவுதான் நான் எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டு. மூக்குப் புண் தானாக ஆறிவிட்டது. மூன்றடித் தொட்டி பாலா ஷார்க்குக்குப் போதாது என்பது வேறு பஞ்சாயத்து. அதையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

ஒரு மீன் அடிபட்டால் மற்றவையும் ஏன் மிரள்கின்றன? தேனீக்களின் நடனத்தைப் படித்து 1973-ல் நோபல் பரிசில் பங்கு பெற்ற கார்ல் ஃபான் ஃபிரிஷ், 1938-லேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். கெண்டை இனச் சிறு மீன் ஒன்றின் தோல் கிழிந்தால் அதிலிருந்து ஒரு பொருள் தண்ணீரில் கலக்கிறது, கூட்டம் அதை மோந்ததும் சிதறி ஓடுகிறது. வலையைப் போட்டுத் துரத்திப் பிடித்து, செதில் உரிந்த மீனைத் திரும்பத் தொட்டிக்குள் விட்டால் கூட்டம் முழுக்க ஒளிவது இதனால்தான். நான் வலையைக் கூடியவரை எடுப்பதில்லை. ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தண்ணீருக்குள் சாய்த்துப் பிடித்து, மீனை மெல்ல அதற்குள் ஒதுக்குவேன். நேரம் ஆகும், ஆகட்டும்.

மருந்து வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் என் சொந்த அனுபவம். தொழிலுக்கு வந்த புதிதில், பயந்து ஒடுங்கிய ஒரு ஜோடி ஏஞ்சல் மீனுக்கு என் வீட்டுத் தொட்டியிலேயே நீல மருந்தை, அதாவது மெத்திலின் ப்ளூவை ஊற்றினேன். ஃபில்டரில் குடியிருந்து மீன் கழிவின் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்களை அந்த மருந்து கெடுத்துவிட்டது. அமோனியா ஏறி, பயந்த மீன் செத்த மீனாயிற்று. அந்தத் தொட்டி இன்னும் வீட்டில் இருக்கிறது. மூலைகளில் சிலிக்கான் பசை ஓடும் கோடெல்லாம் நீலம். எத்தனை தேய்த்தும் போகவில்லை.

சரி, இன்று இரவு என்ன செய்யலாம்? தொட்டி விளக்கை அணையுங்கள். பின்பக்கத்தையும் இரண்டு பக்கவாட்டுக் கண்ணாடியையும் கறுப்புச் சார்ட் பேப்பரால் மூடுங்கள்.  ஒரு நாள் தீனி வேண்டாம். நன்றாகத் தின்று வளர்ந்த மீன் ஒரு நாள் பட்டினியில் சாகாது, ஆனால் தின்னாமல் அழுகும் தீனி தண்ணீரைக் கெடுக்கும். ஒளிய இடம் கொடுங்கள்: உடைந்த மண் சட்டி, ஒரு துண்டு பிவிசி குழாய், கூர்மையில்லாத எதுவும் போதும். "ஏற்கெனவே ஒளியுது, இன்னும் இடம் கொடுத்தா வெளியவே வராதே" என்பார்கள். நேர்மாறு. ஓடிப் புகுந்துகொள்ள ஒரு பொந்து இருக்கிறது என்று தெரிந்த மீன்தான் நடுத்தொட்டிக்குத் துணிந்து வரும். டெட்ரா போன்ற கூட்ட மீன் ஒன்றிரண்டு மட்டும் இருந்தால் பொந்தும் உதவாது, குறைந்தது ஆறு மீனாவது வேண்டும்.

நம் தெருவோர நாட்டு வாதுமை மரத்தின் காய்ந்து விழுந்த இலையைக் கழுவி ஒன்றிரண்டு போட்டால் தண்ணீர் டீ நிறத்துக்கு வரும், வெளிச்சம் மங்கும். ஃபைட்டர் மீனுக்கு மிகவும் பிடிக்கும். பச்சை இலை வேண்டாம், மருந்தடித்த மரத்து இலையும் வேண்டாம்.

பயம் போலத் தெரிவதெல்லாம் பயம் இல்லை. மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடினால் அது மூச்சுத் திணறல். உடம்பைக் கல்லில் உரசினால் ஒட்டுண்ணியோ கெட்ட தண்ணீரோ. துடுப்பை ஒடுக்கி, நிறம் மங்கி நின்ற மீனுக்குச் சில நாளில் ரவை தூவினாற்போல வெள்ளைப் புள்ளி வந்தால், மன உளைச்சல் எதிர்ப்புச் சக்தியைத் தின்றுவிட்டதால் ஒட்டுண்ணி புகுந்திருக்கலாம். அப்போது மருந்து பேசலாம். அதுவரை சொட்டு விட்டுப் பார்க்கும் அமோனியா கிட் ஒன்று வாங்கி வையுங்கள். நம் போர் தண்ணீரில் காரத்தன்மை கூடுதல், வெயிலும் கூடுதல். இரண்டும் சேர்ந்தால் அதே அளவு அமோனியா இன்னும் விஷமாகும். அமோனியா காட்டினால் கால் பங்குத் தண்ணீரை மட்டும் மாற்றுங்கள், குளோரின் நீக்கிய தண்ணீராக. ஞாயிற்றுக்கிழமை தொட்டியை மொத்தமாகக் காலி செய்து, கல்லையும் ஃபில்டர் ஸ்பாஞ்சையும் குழாயடியில் பளபளவெனக் கழுவும் வீடுகளில்தான் திங்கட்கிழமை மீன் மிரள்கிறது.

கடைசியாக, யாரும் சந்தேகப்படாத ஒன்று. தினமும் சாயங்காலம் மட்டும் மீன் துள்ளுகிறது, வெட்டி வெட்டி நீந்துகிறது, காலையில் சரியாகிவிடுகிறது என்றால், தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டாருக்குப் பக்கத்துப் பிளக்கில் என்ன செருகியிருக்கிறது என்று பாருங்கள். கொசு விரட்டி மருந்துகளில் இருக்கும் பைரித்ராய்டு வகை ரசாயனம் நரம்பைத் தாக்குவது, மீனுக்குக் கொடிய விஷம். மோட்டார் அறைக் காற்றை உறிஞ்சித்தானே தண்ணீருக்குள் ஊதுகிறது! கொசுவர்த்திச் சுருளும் ஸ்பிரேயும் இதே கணக்கு. தொட்டி இருக்கும் அறைக்குக் கொசுவலையே நல்லது. முடியாதென்றால் கொசு மருந்து வேறு அறைக்குப் போகட்டும்.

இவ்வளவும் செய்து மூன்று நாள் ஆகியும் மீன் வெளியே வரவில்லை என்றால் ஒரு நிமிட வீடியோ எடுத்து, மீன் தெரிந்த யாருக்காவது அனுப்புங்கள். செவுள் அசைவது தெரிய வேண்டும். ஃபிளாஷ் மட்டும் போட்டுவிடாதீர்கள்.