பஜார் என்னும் கடைத்தெரு

‘பஜார் வரைக்கும் போயிட்டு வாரேன்’ என்று தெற்கே பல ஊர்களில் சொல்வார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் போனால் அதுவே ‘கடைத்தெருவுக்குப் போயிட்டு வரேன்’ என்று ஆகும். போகிற இடம் ஒன்றுதான். மளிகை, ஜவுளி, பாத்திரம், நகை, வெற்றிலை பாக்கு என்று ஊரின் வரவுசெலவு முழுக்க ஓடுகிற அந்த ஒரு தெரு.

பஜார் பாரசீகச் சொல். மூலம் ‘பாஸார்’. அந்த மொழியிலும் சந்தை, கடைகள் நிறைந்த இடம் என்பதே பொருள். வணிகர்களோடு அது போகாத ஊர் குறைவு. துருக்கிக்குப் போய் ‘பஸார்’ ஆயிற்று. அங்கே ஞாயிற்றுக்கிழமைக்கும் அதே பெயர்தான். மலாயில் ‘பசார்’. மலேசியத் தமிழர்கள் இரவுச் சந்தையைப் ‘பசார் மாலாம்’ என்கிறார்கள். ‘மாலாம்’ என்றால் மலாயில் இரவு. நம் ஊரில் இந்தச் சொல் இன்னொரு வேலையும் செய்தது. தெருவில் நின்று சத்தம் போடும் பெண்ணைத் திட்ட ‘பஜாரி’ என்று ஒரு வசவைப் பெற்றுப் போட்டது. அதே சத்தத்தை ஆண் போட்டால் அவனுக்கு ஏன் அப்படி ஒரு பெயர் இல்லை என்று சொல்லைக் கேட்டுப் பயனில்லை.

சரி, தமிழில் இதற்கு என்ன சொல்? ஒன்றல்ல, நிறைய உண்டு. மதுரைக் காஞ்சியில் நாளங்காடி, அல்லங்காடி என்று இரண்டு வருகின்றன. பகலில் கூடுவது நாளங்காடி, இரவில் கூடுவது அல்லங்காடி. அல் என்றால் இரவு. ஆக, ‘பசார் மாலாம்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் அல்லங்காடிதான் வரும். அங்காடி கன்னடத்திலும் தெலுங்கிலும் ‘அங்கடி’, மலையாளத்தில் ‘அங்ஙாடி’. கோழிக்கோட்டின் பழைய மொத்த வியாபாரத் தெருவுக்கு இன்றும் ‘வலியங்ஙாடி’ என்றே பெயர். தமிழில் மட்டும் இந்தச் சொல் பேச்சிலிருந்து நழுவி, பேரங்காடி, நியாய விலை அங்காடி என்று பெயர்ப்பலகைகளில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பலகை ‘அங்காடி’ என்று சொன்னாலும், வரிசையில் நிற்பவர்கள் ரேஷன் கடை என்றுதான் சொல்கிறார்கள்.

ஆவணம் என்பதும் ஒரு காலத்தில் கடைவீதியைக் குறித்தது. அது இப்போது பத்திரப் பதிவு அலுவலகத்துக்குக் குடிபோய்விட்டது. திரும்பி வராது.

மிச்சம் இருப்பது கடைத்தெரு. எனக்குப் பிடித்த சொல்லும் அதுதான். காரணம் ‘கடை’.

கடை என்பதன் பழைய பொருள் முடிவு, ஓரம், எல்லை. கடைசி, கடைக்கண், கடைக்குட்டி எல்லாம் அந்த வழியில் வந்தவை. வீட்டின் எல்லை வாசல் அல்லவா? அதனால் வாசலுக்கும் கடை என்றே பெயர். ‘அறன்கடை நின்றாருள் எல்லாம் பிறன்கடை நின்றாரின் பேதையார் இல்’ என்கிறது குறள். பிறன்கடை என்றால் அடுத்தவன் கடை இல்லை, அடுத்தவன் வீட்டு வாசல். பள்ளிக்கூடத்தில் இதை முதலில் படித்தபோது, பக்கத்து மளிகைக் கடையில் நிற்பது அவ்வளவு பெரிய குற்றமா என்று நான் நிஜமாகவே குழம்பியிருக்கிறேன்.

வீட்டுக்கு முன்னால் தலைக்கடை, பின்னால் புழைக்கடை. புழை என்றால் சிறு வழி. அதுதான் வாய்வழக்கில் புழக்கடை ஆனது. கால்நடைத் துறைக்காரர்கள் ‘புறக்கடைக் கோழி வளர்ப்பு’ என்று எழுதுகிறார்களே, அந்தக் கடையிலும் வியாபாரம் கிடையாது. கொல்லைப்புறம்தான் அது. ஆக, வாசலில் பொருளை வைத்து விற்ற இடமே பிறகு விற்பனைக் கடையாயிற்று என்று கொள்வதுதான் பொருத்தமாகத் தோன்றுகிறது.

பழைய கடைத்தெரு ஒன்றில் நின்று பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். முகப்பு குறுகல், உள்ளே நீளம். முன்னால் வியாபாரம், பின்னால் அல்லது மாடியில் குடும்பம், கடைசியில் கிணறும் புழக்கடையும். இரும்பு ஷட்டர் வருவதற்கு முன் கடையை அடைத்தது பலகைகளால். வாசற்படியில் ஒரு காடி, அதாவது நீளமான பள்ளம்; மேலே ஒரு காடி. ஒவ்வொரு பலகையாக அதில் செருகித் தள்ளுவார்கள். வரிசை மாறினால் கடைசிப் பலகை உட்காராது. அதனால் 1, 2, 3 என்று பெயின்டில் எண் எழுதியிருக்கும். காலையில் அந்தப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து வைக்கும் சத்தத்தில்தான் தெரு விழிக்கும்.

கும்பகோணத்தில் ஒரு கடைத்தெருவின் பிறப்பே தெரியும். தஞ்சை நாயக்கர்களின் அமைச்சர் கோவிந்த தீட்சிதர், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரகுநாத நாயக்கர் காலத்தில், இராமசாமி கோயிலைக் கட்டினார். அதோடு, அதைவிடப் பழைய சக்கரபாணி கோயிலுக்கும் இதற்கும் நடுவே ஒரு வணிகத் தெருவையும் அமைத்தார். இரண்டு பெருமாள் கோயில்களுக்கு நடுவே நடக்கிற கூட்டம் வெறுங்கையோடு நடக்காது என்று அமைச்சருக்குத் தெரிந்திருக்கிறது. இன்று அதன் பெயர் சின்னக் கடைவீதி. அதே ஊரில் பெரிய கடைத்தெருவும் உண்டு. யாழ்ப்பாணத்திலும் பெரியகடை, சின்னக்கடை என்றே வழங்குகிறார்கள். கொல்லம் நகரத்தின் மையமும் சின்னக்கடைதான்.

வீதி வடமொழி, தெரு தமிழ் என்பதால், கறாராகப் பார்த்தால் கடைத்தெருவே சரியான இணை. ஆனால் கடைவீதி என்று எழுதுபவரைத் திருத்தப் போக மாட்டேன். அவ்வளவு காலம் புழங்கிய சொல் அது. நெருடுவது ‘பஜார் வீதி’தான். பஜாரே கடைத்தெரு என்றால், அது கடைத்தெருத் தெரு ஆகிவிடுகிறது. கட்டுரையிலும் செய்தியிலும் கடைத்தெரு என்றே எழுதலாம், யாருக்கும் புரியாமல் போகாது. அப்புறம், முகவரி எழுதும்போது மட்டும் தெருப்பலகையில் ‘மெயின் பஜார்’ என்று இருந்தால் அப்படியே எழுதிவிடுங்கள். பாவம், தபால்காரர்.