எழுத்து விளம்பரத்தில் பணம் ஒழுகும் இடங்கள்

படமும் வீடியோவும் இவ்வளவு பெருகிய பிறகும் கூகுள் தேடலில் வரும் வெறும் எழுத்து விளம்பரத்துக்கு மவுசு குறையவில்லை. தனக்கு என்ன வேண்டும் என்பதைப் பார்ப்பவரே அந்த நொடியில் தட்டச்சு செய்திருக்கிறார். வாஷிங் மெஷின் நின்றுபோய், துணி உள்ளே ஊறிக்கொண்டிருக்கும்போது அழகான படம் யாருக்கு வேண்டும்? ஃபோன் எண் போதும்.

இந்த விளம்பரத்தின் இப்போதைய வடிவத்தில் தலா 30 எழுத்துக்குள் 15 தலைப்புகளும், தலா 90 எழுத்துக்குள் 4 விளக்கங்களும் வரை கொடுக்கலாம். எதை எதோடு சேர்ப்பது என்பது கூகுளின் இயந்திரத்தின் கையில். வரிசை நம் விருப்பப்படி அமைந்த பழைய வடிவத்தில் புதிதாக எழுதுவது 2022 ஜூன் 30-உடன் நின்றுவிட்டது. அதனால் 'முதல் விசிட் இலவசம்', 'விசிட் ரூ.300 மட்டுமே' என்று இரண்டையும் எழுதி வைத்தால், ஒருநாள் அவை அருகருகே வந்து நிற்கும். கட்டாயம் வரவேண்டிய தலைப்பை முதல் இடத்தில் 'பின்' செய்யுங்கள், அதாவது நகராமல் நிறுத்திவையுங்கள். எல்லாவற்றையும் பின் செய்தால் சோதித்துப் பார்க்க இயந்திரத்துக்கு எதுவும் மிஞ்சாது.

தமிழில் இன்னொரு சிக்கல். 'சர்வீஸ்' நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் புள்ளியும் கொம்பும் தனித்தனி, ஆக ஏழு. விரலில் எண்ணாமல், பெட்டியில் தட்டிப் பாருங்கள்.

பணம் அதிகம் ஒழுகுவது வாசகத்தில் அல்ல, அமைப்புகளில். நாம் கொடுத்த சொல்லோடு தொடர்புள்ள தேடல்களுக்கும் விளம்பரத்தைக் காட்டும் 'பிராட் மேட்ச்' போட்டால், பழுது பார்க்க ஆள் தேடுபவரோடு 'வாஷிங் மெஷின் விலை', 'மெக்கானிக் வேலை', 'நாமே சரிசெய்வது எப்படி' என்று தேடுபவர்களும் கிளிக் செய்வார்கள். வாரம் ஒருமுறை, மக்கள் உண்மையில் என்ன தேடினார்கள் என்று காட்டும் தேடல் சொற்கள் அறிக்கையைத் திறந்து, வேண்டாதவற்றை, இவற்றுக்கு விளம்பரம் காட்டாதே என்று சொல்லும் 'நெகட்டிவ்' பட்டியலில் சேர்க்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், தங்கிலீஷ் மூன்றிலும் தேடுவார்கள், மூன்றிலும் சேருங்கள். இடத் தேர்வில், மதுரையில் 'இருப்பவர்' என்பதோடு மதுரையில் 'ஆர்வமுள்ளவர்' என்பதும் தானாகவே தேர்வாகியிருக்கும். அதை மாற்றாவிட்டால் வெளியூர் கிளிக்குக்கும் காசு போகும். தினசரி பட்ஜெட் 500 என்றால் சில நாள் 1000 வரை செலவாகலாம், பதறவேண்டாம். மாதக் கணக்கு தினசரி பட்ஜெட்டின் 30.4 மடங்கைத் தாண்டாது.

இனி என்ன? தேடல் பக்கத்தின் உச்சியில் ஏஐ விடை வரத் தொடங்கிவிட்டது. 'எப்படி', 'ஏன்' வகைத் தேடல்களில் கிளிக் குறையும் என்பது என் கணிப்பு. ஆளையே வரவழைக்க வேண்டிய தேடல்கள் தாக்குப்பிடிக்கும். வாசகம் எழுதும் வேலையும், ஒரு கிளிக்குக்கு எவ்வளவு தருவோம் என்று ஏலத்தொகை வைக்கும் வேலையும் இயந்திரத்துக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அதற்கு எதை வெற்றி என்று சொல்லிக்கொடுக்கிறோம் என்பது நம் பொறுப்பு. வாட்ஸ்அப் பொத்தானைத் தொட்டாலே ஒரு ஆர்டர் என்று கணக்கு வைத்தால், பொத்தானைத் தொட்டுவிட்டுப் போகிறவர்களையே அது சலிக்காமல் தேடிக் கொண்டுவந்து சேர்க்கும்.