காப்பியை விட்ட மறுநாள் வரும் தலைவலி: பனியா, காஃபினா?

"பனி பட்டிருச்சு டாக்டர். நேத்து மதியத்துல இருந்து தலை பாரமா இருக்கு, உடம்பெல்லாம் முறிச்சுப் போட்ட மாதிரி வலிக்குது."

கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல் என்று எந்த ஊராக இருந்தாலும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் இப்படிச் சொல்லிக்கொண்டு வருபவர்கள் அதிகம். பாதிக்கு மேல் சளிக்காய்ச்சல்தான். ஆனால் தொண்டையில் கரகரப்பில்லை, மூக்கு ஒழுகவில்லை, காய்ச்சலும் இல்லை என்றால் இன்னொரு கேள்வியைக் கேட்டாக வேண்டும்: கடைசியாகக் காப்பி குடித்தது எப்போது? தைப்பூசத்துக்கு மாலை போட்டு அன்றே காப்பியை விட்டவர், அறுவை சிகிச்சைக்காக முந்தின இரவிலிருந்து வெறும் வயிற்றில் இருந்தவர், நெஞ்செரிச்சல் பொறுக்காமல் "இனிமேல் தொடவே மாட்டேன்" என்று முடிவெடுத்தவர் என்று பதில் வரும்.

இவர்களில் பலர் இரண்டாம் நாள் ஒரு டம்ளர் குடித்துவிடுகிறார்கள். ஒரு மணி நேரத்துக்குள் தலைவலி போய்விடுகிறது. "எனக்குக் காப்பி இல்லாம உடம்பு ஓடாது" என்று அதோடு முயற்சியைக் கைவிடுகிறார்கள். உண்மையில் இன்னும் சில நாள் பொறுத்திருந்தாலே அந்த வலி தானாகப் போயிருக்கும். அதைவிட முக்கியம், முறையாகக் குறைத்திருந்தால் அவ்வளவு வலி வந்தே இருக்காது.

உடம்புக்குள் நடப்பது இதுதான். நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. அது மூளைச் செல்களில் தனக்கென்று உள்ள ஏற்பிகளில் போய் ஒட்டினால் அசதியும் தூக்கமும் வரும், மூளையின் இரத்தக் குழாய்கள் விரியும். காப்பியில் இருக்கும் காஃபின் அந்த ஏற்பிகளை அடைத்துக்கொண்டு அடினோசினை ஒட்டவிடாது. தினமும் குடிப்பவர்களின் மூளை இதற்கு ஈடுகட்ட ஏற்பிகளைக் கூட்டிக்கொள்கிறது. திடீரென்று காஃபின் நின்றால் கூடிய ஏற்பிகள் மொத்தமும் அடினோசினுக்குத் திறந்துவிடுகின்றன. குழாய்கள் விரிந்து தலை விண்விண் என்று தெறிக்கிறது. தூக்கம் சொக்குகிறது, எரிச்சல் வருகிறது, வேலையில் கவனம் நிற்பதில்லை, சிலருக்குக் குமட்டலும் தசைவலியும் சேர்ந்துகொள்கின்றன. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டில் இதைத் தனி நிலையாகவே சேர்த்தது. நாளுக்கு 100 மில்லிகிராம் காஃபின், அதாவது இரண்டு டம்ளருக்கும் குறைவான பழக்கமே இதற்குப் போதும்.

கடைசிக் காப்பிக்குப் பின் 12 முதல் 24 மணி நேரத்தில் தொல்லை தொடங்கும். 20 முதல் 51 மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொடும். 2 முதல் 9 நாளில் அடங்கும். தவக்காலத்துக்காகக் காப்பியை விடுபவர் செவ்வாய் மாலை 5 மணிக்குக் கடைசி டம்ளரைக் குடித்தார் என்றால், சாம்பல் புதன் மதியத்திலிருந்து வியாழன் இரவு வரை அவருக்குக் கடினமான நேரம். விரதம் என்றைக்குத் தொடங்கும் என்று முன்கூட்டியே தெரியும் அல்லவா? மூன்று வாரம் முன்னதாகக் குறைக்கத் தொடங்குங்கள்.

முதலில் கணக்கு

எத்தனை டம்ளர் என்று எண்ணுவதைவிட எத்தனை கிராம் தூள் என்று பாருங்கள். ஒரு கிராம் அராபிகாவில் சுமார் 12 மி.கி. காஃபின் இருக்கும். ரோபஸ்டாவில் சுமார் 22 மி.கி., கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சிக்கரியில் காஃபினே கிடையாது. தலைதட்டிய நான்கு மேசைக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 20 கிராம் தூளில் ஒருவர் நான்கு டம்ளர் குடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தூளில் காப்பியும் சிக்கரியும் 80:20 என்றால் காப்பி 16 கிராம். அதில் பாதி அராபிகா, பாதி ரோபஸ்டா என்றால் 96 + 176 = 272 மி.கி. ஃபில்டரில் எல்லாமும் இறங்காது, அதனால் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம்.

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறைப் பக்கம் விளைவது பெரும்பாலும் அராபிகா. கூடலூர்ப் பக்கம் ரோபஸ்டா. கடையில் திடம் கூட்டவும் விலையைக் குறைக்கவும் ரோபஸ்டா கலப்பார்கள். அரைக்கும் கடையில் கேட்டால் விகிதத்தைச் சொல்வார்கள். மேலே சொன்ன கலவையிலிருந்து முழு அராபிகாவுக்கு மாறினாலே ஒரு டம்ளரைக்கூடக் குறைக்காமல் காஃபின் ஏறக்குறைய 30 சதவீதம் இறங்கிவிடும். (பீபெரி என்பது கொட்டையின் வடிவம் மட்டுமே. அந்தப் பெயரை வைத்து காஃபின் கூடுதலா குறைவா என்று சொல்ல முடியாது.)

காப்பியோடு கணக்கு முடிவதில்லை. நீலகிரியில் காப்பியை விட்டேன் என்பவர்களில் பலர் டீக்குப் போயிருப்பார்கள். தோட்டத்து வேலை இடைவேளையில் குடிக்கும் கட்டன் சாயாவிலும், உடம்புக்கு நல்லது என்று வாங்கும் கிரீன் டீயிலும் காஃபின் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2024 உணவு வழிகாட்டி, ஒரு கோப்பை டீயில் 30 முதல் 65 மி.கி., இன்ஸ்டன்ட் காப்பியில் 50 முதல் 65, வடித்த காப்பியில் 80 முதல் 120 என்று கணக்கிடுகிறது. நாள் வரம்பாக 300 மி.கி.யைச் சொல்கிறது. ஊட்டியில் வாங்கும் டார்க் சாக்லேட்டின் 30 கிராம் துண்டிலும் 20 மி.கி.க்குக் குறையாமல் இருக்கலாம்.

அதிகம் ஏமாற்றுவது மாத்திரை. மருந்துச்சீட்டு இல்லாமல் கிடைக்கும் சில தலைவலி மாத்திரைகளில் 50 மி.கி. காஃபின் சேர்ந்திருக்கும். எர்கோடமின் கலந்த ஒற்றைத் தலைவலி மாத்திரைகளில் 100 மி.கி. வரை இருக்கும். காப்பியை விட்ட தலைவலிக்கு இதை விழுங்கினால் "கேட்கத்தான்" செய்யும், விட்டதையே மாத்திரையாக உள்ளே அனுப்பியிருக்கிறோம். அட்டையின் பின்புறம் சேர்மானத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

ஃபில்டரிலேயே குறைப்பது

நம் ஊரில் சிக்கரி இருப்பது பெரிய வசதி. தனியாக 100 கிராம் சிக்கரித் தூள் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் மற்றவர்கள் வழக்கம்போலக் குடிப்பார்கள் என்றால் உங்களுக்கென்று ஒரு சின்ன ஃபில்டர் வேண்டும்.

மேலே சொன்ன நான்கு கரண்டிக்காரர், முதல் நான்கு நாள் கடைசி டம்ளரை மட்டும் விட வேண்டும். வேறு எதையும் மாற்ற வேண்டாம். காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போக ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக் காப்பியில் பாதி இரவு 11 மணிக்கும் உள்ளேதான் இருக்கும். அந்த டம்ளர் போனால் தூக்கம் திருந்தும், மற்றவற்றை விடத் தெம்பு வரும். அடுத்த நான்கு நாள் மூன்று டம்ளருக்கு இரண்டு கரண்டி காப்பித்தூள், அரைக் கரண்டி சிக்கரி. அதன்பின் நான்கு நாளுக்கு ஒருமுறை காப்பித்தூளில் அரைக் கரண்டி குறைத்து, சிக்கரியைக் கால் கரண்டி கூட்டுங்கள். சிக்கரி ஒரு கரண்டியைத் தாண்ட வேண்டாம். ஏறக்குறைய மூன்று வாரத்தில் காப்பித்தூள் பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஒரு படியில் தலைவலித்தால் அதே படியில் இன்னும் மூன்று நாள் இருங்கள். பின்னால் போக வேண்டாம்.

குறைத்த காப்பித்தூளின் அளவுக்கே சிக்கரி போட்டால் டிகாஷன் கறுத்துக் கசக்கும், ஏனென்றால் சிக்கரி தண்ணீரில் காப்பியைவிட அதிகமாகக் கரையும். ஊறிப் பருத்து ஃபில்டர் துளைகளையும் அடைக்கும். அமுக்குத் தட்டை இறுக்காமல் லேசாக வைத்து, வெந்நீரை இரண்டு தவணையாக ஊற்றினால் இறங்கிவிடும். சிலருக்குச் சிக்கரியால் வயிறு உப்பும். அவர்கள் அரைக் கரண்டியோடு நிறுத்திக்கொண்டு பாலைக் கூட்டிக்கொள்ளலாம்.

இரண்டாம் டிகாஷனைப் பற்றிக் கவலை வேண்டாம். காஃபின் எளிதில் கரைவதால் பெரும்பங்கு முதல் டிகாஷனிலேயே வந்துவிடும்.

மலையில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை

குளிரில் தாகம் தெரியாது. பலருக்கு நாள் முழுவதும் உள்ளே போகும் நீரில் பெரும்பகுதி காப்பியும் டீயும்தான். நான்கு டம்ளரை நிறுத்தினால் 600 மில்லி நீர் குறைந்துவிடும். அந்த வறட்சியே தனியாகத் தலைவலி தரும், மலச்சிக்கலையும் கொண்டுவரும். அதே நேரத்துக்கு, அதே டம்ளரில், அதே சூட்டில் வேறு ஒன்று இருக்க வேண்டும். வெந்நீர், பால், எலுமிச்சைப்புல் கொதிக்கவைத்த நீர், ராகிக் கஞ்சி எதுவும் சரி. சுக்கு காப்பி போடுவதானால் 400 மில்லி தண்ணீருக்கு அரைத் தேக்கரண்டி சுக்குத்தூள், ஒரு மேசைக்கரண்டி தட்டிய மல்லி, நாலைந்து மிளகு, கொஞ்சம் சீரகம் போட்டு ஆறேழு நிமிடம் கொதிக்க விட்டு வடிகட்டினால் இரண்டு பேருக்கு வரும். கடைச் சுக்கு காப்பியில் காப்பித்தூள் கலந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வயிற்றுப்புண் உள்ளவர்கள் மிளகைத் தவிர்க்கலாம். கருப்பட்டியும் சர்க்கரைதான் என்பதை நீரிழிவுக்காரர்கள் மறக்க வேண்டாம்.

நீரிழிவுக்காரர்களுக்கு இன்னொன்றும் உண்டு. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொண்டே, சர்க்கரை போட்ட நான்கு டம்ளர் காப்பியைத் திடீரென நிறுத்தினால் இரத்தச் சர்க்கரை தாழக்கூடும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால் காப்பியை விட்டதால்தான் என்று விட்டுவிடாமல் உடனே சர்க்கரை அளவைப் பாருங்கள். வயதானவர்களுக்குப் பால் என்று உள்ளே போவதே காப்பியில்தான். காப்பி நின்றாலும் அந்தப் பால் நிற்கக் கூடாது.

வண்டி ஓட்டுபவர்கள் முதல் இரண்டு மூன்று நாளை விடுமுறையில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் கண் சொக்கினால் திருத்திக்கொள்ள இடமில்லை. தேயிலை வெட்டும் இயந்திரத்தைக் கையில் எடுப்பவர்களுக்கும் இதேதான்.

தலைவலி வந்துவிட்டால் சாப்பிட்டபின் பாரசிட்டமால் 500 மி.கி. போதும். இரண்டு வேளைக்கு நடுவில் ஆறு மணி நேரம் இருக்கட்டும். கல்லீரல் கோளாறோ மதுப்பழக்கமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். நீலகிரித் தைலத்தை நெற்றியில் தடவலாம். குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள், சிறிதளவு விழுங்கினாலும் ஆபத்து. வேலையே ஓடாத அளவு வலித்தால் அரை டம்ளருக்கும் குறைவாகக் காப்பி குடியுங்கள். 25 மி.கி. அளவு காஃபினே வலியை நன்றாகத் தணிக்கும். அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம், மறுநாள் விட்ட படியிலிருந்து தொடருங்கள்.

கர்ப்பிணிகள் நாளுக்கு 200 மி.கி.க்குள் இருப்பது நல்லது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் காஃபின் வெளியேற வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு நேரம் பிடிக்கும். இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை எடுப்பவர்கள் அதை டீயோடு விழுங்கவே கூடாது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காப்பி வேண்டாம். மனநலத்துக்கு லித்தியம் எடுப்பவர்கள் காப்பியைத் திடீரென விட்டால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறும். குளோசபின் எடுப்பவர்களுக்கு இறங்கும். இந்த இரு சாராரும் மருத்துவரிடம் சொல்லாமல் குறைக்கவே வேண்டாம்.

இடி விழுந்தாற்போல் திடீரென வரும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, ஒரு பக்கம் கை கால் தளர்ச்சி, பேச்சுக் குழறல், கர்ப்பத்தின் 20ஆம் வாரத்துக்குப் பின் பார்வை மங்கலோடு வரும் தலைவலி ஆகியவற்றைக் காப்பியின் கணக்கில் எழுதாதீர்கள். 108ஐ அழையுங்கள். பத்து நாள் தாண்டியும் நிற்காத தலைவலிக்கும் வேறு காரணம் தேட வேண்டும்.

விட்டபின் பலர் வழுக்குவது விருந்துக்குப் போன வீட்டில்தான். மலையில் வீட்டுக்கு வந்தவரைச் சூடாக ஏதும் கொடுக்காமல் அனுப்ப மாட்டார்கள். "வேண்டாம்" என்றால் மனம் வருந்தும். "அக்கா, காப்பி விட்டுட்டேன், சூடா பால் இருந்தா குடுங்க" என்று கேளுங்கள், சந்தோஷமாகவே தருவார்கள். சில வாரம் விட்டபின் பழைய திடத்தில் ஒரு டம்ளர் குடித்தால் படபடப்பு வரும், இரவுத் தூக்கம் கெடும். கூடிய ஏற்பிகள் அதற்குள் குறைந்துவிட்டதால் பழைய அளவு இப்போது அதிகம். என்றைக்காவது குடிக்க ஆசை வந்தால் அரைத் திடத்தில், காலை 10 மணிக்குள் ஒன்று குடியுங்கள். அடுத்தடுத்த நாள் தொடர வேண்டாம்.