சர்க்கம்ஸ்பெக்ட்: நாற்புறமும் பார்த்து நடப்பது

மொழிபெயர்ப்பாளரைத் தடுமாற வைக்கும் ஆங்கிலப் பெயரடைகளில் ‘சர்க்கம்ஸ்பெக்ட்’ (circumspect) ஒன்று. ‘எச்சரிக்கையான’ என்று பொருள் சொல்வது தவறில்லை. ஆனால் அதை அப்படியே வாக்கியத்தில் வைத்தால் கருத்து தலைகீழாகிவிடும். ஒரு தூதரின் அறிக்கை சர்க்கம்ஸ்பெக்ட்டாக இருந்தது என்பதை ‘எச்சரிக்கையான அறிக்கை’ என்று எழுதிப் பாருங்கள். அவர் யாரையோ எச்சரித்தார் என்றுதான் படிப்பவர் நினைப்பார். அவரோ தம் சொல் யாரை எப்படித் தொடும் என்று எண்ணிப் பார்த்து, அளந்து பேசியிருக்கிறார். பிறருக்கு விடுப்பதும் எச்சரிக்கை, தான் கொள்வதும் எச்சரிக்கை என்று தமிழில் இருப்பதால் வரும் சிக்கல் இது.

சொல்லின் பிறப்பு லத்தீன். ‘சர்க்கும்’ என்றால் சுற்றி. பின்பாதி, பார்த்தல் என்னும் வினையிலிருந்து வந்தது. இரண்டும் சேர்ந்து, சுற்றும் முற்றும் பார்த்தல். இன்ஸ்பெக்டர் என்ற சொல்லிலும் அதே ‘பார்த்தல்’தான் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டிலேயே இது ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கிவிட்டது. 1611இல் வெளியான ஆங்கில விவிலியத்தில், எபேசியர் நிருபம் 5:15இல் இதன் வினையடை வருகிறது. தமிழ் விவிலியம் அங்கே ‘கவனமாய்’ என்கிறது. நல்ல தேர்வு, அச்சத்தின் சாயல் துளியும் இல்லை.

அந்தச் சாயல் இல்லாததுதான் இச்சொல்லின் சிறப்பு. ‘வேரி’ (wary) என்ற ஆங்கிலச் சொல்லில் சந்தேகம் ஒளிந்திருக்கிறது: முன்பின் தெரியாதவர் பணம் கேட்டால் நாம் அப்படி இருக்கிறோம். ‘காஷியஸ்’ (cautious) பொதுவானது. ஈரத்தரையில் மெல்ல அடி வைப்பவரையும் அப்படிச் சொல்லலாம். அவரை யாரும் சர்க்கம்ஸ்பெக்ட் என்பதில்லை. இது பேச்சுக்கும் முடிவுக்கும் நடத்தைக்கும் உரிய, சற்றே முறைசார்ந்த சொல். விளைவுகளை எல்லாப் பக்கமிருந்தும் எடைபோட்ட பிறகே வாய் திறக்கும், கையெழுத்திடும் குணத்தைக் குறிப்பது.

தமிழில் இதற்குப் புதுச்சொல் உருவாக்க வேண்டியதில்லை என்பதே என் உறுதியான கருத்து. ‘பார்த்துப் பேசு’, ‘பார்த்து நடந்துகொள்’ என்று நாம் நாள்தோறும் சொல்கிறோம். லத்தீன்காரர் கண்ணைக் கொண்டு உணர்த்திய அதே விழிப்பைத் தமிழும் கண்ணைக் கொண்டே உணர்த்துகிறது. ஆகவே ஆளைக் குறிக்கும்போது ‘முன்பின் பார்த்து நடப்பவர்’ என்றும், பேச்சைக் குறிக்கும்போது ‘அளந்து பேசினார்’ என்றும் எழுதலாம். முடிவு என்றால் ‘தீர ஆராய்ந்து எடுத்த முடிவு’. கட்டாயம் ஒற்றைச் சொல்தான் வேண்டும் என்றால் ‘முன்யோசனையுள்ள’ என்பது ஓரளவு பொருந்தும். ஆனால் அது வரப்போவதை மட்டுமே நோக்குகிறது. பக்கவாட்டில் இருப்பவற்றை விட்டுவிடுகிறது. இடத்துக்கு ஏற்ப வினையாக மாற்றி எழுதுவதே நான் விரும்பும் வழி.