அப்பத்துக்கு போடுற ஈஸ்ட்டும் செங்கமாரி ஊசியும்

போன கிழமை உப்புவெளியில தங்கச்சி வீட்ட போனன், ரெண்டு மாசப் பிள்ளைக்கு கிளினிக்ல ஊசி போட்டுட்டு வந்து, பிள்ளை சிணுங்கச் சிணுங்க அப்பத்துக்கு ஆயத்தம் பண்ணிக்கொண்டு நிக்கிறாள். கோப்பையில சீனித்தண்ணிக்குள்ள போட்ட ஈஸ்ட் நுரைச்சு மேல வருது. "அண்ணா, அஞ்சு நோய்க்கும் ஒண்டா போடுற ஊசியில செங்கமாரிக்கானது ஈஸ்ட்ல செய்யிறதாமே, இந்த ஈஸ்ட்டா?" எண்டாள்.

ஓம், கிட்டத்தட்ட அதுதான். செங்கமாரியக் கொண்டுவாற ஹெப்படைட்டிஸ் பி வைரஸுக்கு 1986ல வந்த ஊசி பாண் ஈஸ்ட்ல செய்தது, இப்ப சில கம்பனிகள் வேற இன ஈஸ்ட்டும் பாவிக்கிறாங்க. வைரஸின்ட ஒரு ஜீனை ஈஸ்ட்டுக்குள்ள போட்டுவிட்டா அது பெருகிற பாட்டுக்கு அந்தப் புரதத்தையும் செய்து தள்ளும், பிறகு ஈஸ்ட்டை உடைச்சு புரதத்த மட்டும் பிரிச்செடுக்கிறது. பள்ளிக்கூடத்தில படிச்சதுதானே, விடுங்க.

எனக்கு ஆசையான இடம் அந்தப் புரதம். இந்த வைரஸ் ஈரலுக்குள்ள பூந்தா தன்ர மேற்சட்டைய, அதாவது அந்தப் புரதத்த, தேவைக்கு மிஞ்சி தைக்கும், மிச்சச் சட்டைகள் தானாவே ஒண்டோட ஒண்டு கொளுவி 22 நானோமீட்டர் உருண்டையாகி ரத்தத்தில சுத்தும், உள்ளுக்க டிஎன்ஏ கிடையாது, வெறும் கோது. அசல் வைரஸ் ஒண்டுக்கு இப்பிடிக் கோது ஆயிரக்கணக்கில கிடக்கும், எங்கட எதிர்ப்புச் சக்தி கோதைத் துரத்திக் களைக்க அசல் தப்பிடும் எண்டுதான் நினைக்கிறாங்க. என்ன கள்ளப் புத்தி பாருங்க! ஆனா அந்தக் கோதையே முன்கூட்டி உடம்புக்கு காட்டிவிட்டா, பிறகு அசல் அதே சட்டையோட வரேக்க வாசல்லயே பிடிபடும். ஊசியில இருக்கிறது அந்தக் கோதுதான், 226 அமினோ அமிலம் கோர்த்த ஒரு புரதம். பக்டீரியாவில செய்து பாத்தாங்க, உருண்டை ஒழுங்கா வரேல்ல, ஈஸ்ட்டுக்குள்ள எங்கட கலம் மாதிரி புரதத்த மடிக்கிற இடம் இருக்கிறதால அங்க சரிவந்தது.

அதுக்கு முதல், 1981ல வந்த ஊசிக்கு இந்தக் கோதை வைரஸை உடம்பில காவித் திரியிற ஆக்களின்ட ரத்தத்தில இருந்துதான் எடுத்தது. எய்ட்ஸ் பயம் வந்தாப்பிறகு ஆர் அதைப் போட விரும்புவாங்க?

இன்னொண்டு, இந்தக் கோதை முதல் கண்டது புளூம்பெர்க் எண்ட அமெரிக்க விஞ்ஞானி, 1960களில, அவர் தடுப்பூசி தேடிப் போகேல்ல, ஆளுக்காள் ரத்தப் புரதம் எப்பிடி மாறுது எண்டு சும்மா பாத்தவர், 1976ல நோபல் கிடைச்சது. இப்ப "சும்மா பாக்கப்போறன்" எண்டு ஆராய்ச்சிக்கு காசு கேட்டா கதவைச் சாத்திடுவாங்க.

"அப்ப பிள்ளைன்ர வயித்துக்குள்ள பொங்காதோ?" எண்டு அம்மா குசினி வாசல்ல இருந்து கேட்டா. பொங்க ஈஸ்ட் உயிரோட இருக்கோணுமே அம்மா, துளி ஈஸ்ட் புரதம் மிஞ்சும், அவ்வளவுதான், ஈஸ்ட்டுக்கு கடும் ஒவ்வாமை இருக்கிற ஆக்கள் மட்டும் முதல்லயே டொக்டரிட்ட சொல்லோணும். கதைச்சுக்கொண்டு நிண்டதில கோப்பை வழிஞ்சு மேசையெல்லாம் நுரை.