நோவை ஆற்றுகிற பராமரிப்பு

“அப்ப இனி ஒண்டும் செய்யேலாதோ டொக்டர்?”

கிளினிக் கொப்பியில் ‘பலியேட்டிவ் கெயார்’, அதாவது நோயாளியின் நோவையும் அவதியையும் தணிக்கிற பராமரிப்பு, என்று எழுதினாலே இந்தக் கேள்வி வந்துவிடும். வடமராட்சிப் பக்கத்திலிருந்து தாயைக் கூட்டிவந்த ஒரு மகளும் அதையேதான் கேட்டார். தாய்க்கு மார்புப் புற்றுநோய், எலும்புக்கும் நுரையீரலுக்கும் பரவியிருந்தது. கீமோ நிற்காது, அதோடு சேர்த்துத்தான் நாங்களும் பார்ப்போம் என்று இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. நோய் கண்டுபிடித்த காலத்திலேயே தொடங்கக்கூடிய பராமரிப்பு இது.

‘பலியேட்டிவ்’ என்ற சொல்லின் வேர் லத்தீனில் ‘பாலியம்’, மேலே போர்த்துகிற அங்கி. 1970களில் கனடாவின் பல்ஃபர் மவுண்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் அதை இந்தப் பராமரிப்புக்குப் பெயராக்கினார். தமிழில் ‘நோய்த்தணிப்பு’ என்று எழுதுகிறோம், சரிதான். எனக்கு ‘ஆற்றுதல்’ இன்னும் நெருக்கமாகப் படுகிறது. கொதிக்கிற தேத்தண்ணியை ஆற்றுகிறோம், பசியாற்றுகிறோம், செத்தவீட்டில் அழுகிறவரை ஆற்றுகிறோம். பக்கத்தில் நின்று செய்கிற வேலைகள் எல்லாம்.

ஆற்ற வேண்டுமென்றால் நோவு எப்படிப்பட்டது என்று முதலில் தெரிய வேண்டும். எங்கள் ஊர்ப் பேச்சு அதற்குப் பெரிய துணை.

“நோகுதோ அம்மா?”

“இல்லைத் தம்பி.”

“உளைவு?”

“ஓம், இரவில இடுப்பு உளையும். கால் எரியும்.”

மகள் திரும்பித் தாயைப் பார்த்தார். வீட்டில் அதை அவரிடம் சொன்னதேயில்லை. உளைவு பெரும்பாலும் எலும்பைக் காட்டும், எரிவு நரம்பை. மருந்தும் அதற்கேற்ப மாறும். அதனால் வீட்டில் கேட்கும்போது “நோகுதோ” என்பதோடு நிறுத்தாதீர்கள்.

கடும் நோவுக்குக் கொடுக்கிற மருந்தான மோர்பின் என்றதும் பயப்படுகிறார்கள். நோவுக்கு அளவாக, வைத்தியரின் கண்காணிப்பில் எடுக்கும்போது அடிமையாவது அரிது. சாதாரண (மெல்ல மெல்ல வெளிவரும் வகையல்லாத) மோர்பினை 4 மணித்தியாலத்துக்கு ஒருமுறை நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும், நோவு ஏறும்வரை காத்திருக்கக் கூடாது. முதல் சில நாள் நித்திரை தூக்கும், அப்புறம் குறையும். மலச்சிக்கல் மட்டும் விடாது, அதற்கான மருந்தையும் கேட்டு வாங்குங்கள்.

அந்த அம்மாவுக்கு மூச்சுமுட்டும் இருந்தது. அதற்கான மருந்தோடு, முகத்துக்கு நேரே மெல்ல விசிறச் சொன்னேன். முகத்தில் காற்றுப் படும்போது முட்டு குறைந்தது போலிருக்கும்.

“வீட்டில ஓலை விசிறி கிடக்கு,” என்றார் மகள். “நானே விசிறுவன்.”