செய்திக்குழு கேஷ் எழுதுகிறீர்களா? எண்ணை நம்பாதீர்கள்

யூஸ்நெட் செய்திக்குழுக்களை (இணையத்தின் பழைய பொது விவாதக் குழுக்கள்) ஃபைல்களாகக் காட்டும் ஒரு சின்ன ஃபைல் சர்வரை எழுதிச் சில மாதம் தொந்தரவில்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஒரு மடலைத் திறந்தால் பட்டியலில் இருக்கும் தலைப்பு ஒன்று, உள்ளே வேறு யாரோ எழுதிய வேறு விஷயம். டிஸ்க் கெட்டுவிட்டதோ என்று அரைநாள் அதையே சோதித்துக்கொண்டிருந்தேன். டிஸ்க் பாவம், நன்றாகத்தான் இருந்தது. குழுவின் பெயரையும் மடலின் எண்ணையும் சேர்த்து அதையே கேஷின் (ஒருமுறை எடுத்த மடல்களை டிஸ்கில் சேர்த்துவைக்கும் இடம்) சாவியாக வைத்தது நான் செய்த தப்பு.

அந்த எண் மடலுக்குச் சொந்தமில்லை, அதைத் தரும் சர்வருக்குச் சொந்தம். ஒரே மடலுக்கு இந்த சர்வரில் ஒரு எண், அடுத்த சர்வரில் இன்னொன்று. நான் மடல் எடுத்துவந்த சர்வரை யாரோ புதிதாக நிறுவியிருக்கிறார்கள், எண்கள் மறுபடி முதலிலிருந்து ஓட ஆரம்பித்துவிட்டன, என் கேஷ் மட்டும் பழைய எண்ணுக்குப் பழைய மடலையே எடுத்து நீட்டிக்கொண்டிருந்தது. எல்லா சர்வரிலும் ஒரே மாதிரி இருப்பது மெசேஜ்-ஐடி, அதாவது மடலின் தலைப்பகுதியில் இருக்கும் தனி அடையாளச் சரம் மட்டும்தான். அதைச் சாவியாக வைத்தால் சாக்.கல்ச்சர்.தமிழ், சாக்.கல்ச்சர்.இந்தியன் என்று இரண்டு குழுவுக்கும் சேர்த்துப் போட்ட மடலும் டிஸ்கில் ஒரே ஒரு தடவைதான் உட்காரும்.

ஆனால் மெசேஜ்-ஐடியை அப்படியே ஃபைல் பெயராக்கிவிடாதீர்கள். அது எங்கோ யாரோ எழுதி அனுப்பும் சரம், உள்ளே சாய்வுக்கோடு வரலாம், வேண்டுமென்றே இரண்டு புள்ளியும் ஒரு சாய்வுக்கோடும் வைத்து உங்கள் கேஷ் கோப்புறைக்கு வெளியே எழுத வைக்கவும் ஒருவரால் முடியும். அதற்கு ஹாஷ் (எந்தச் சரத்தையும் நிலையான நீள எழுத்துகளாக்கும் கணக்கு) எடுத்து, அதன் முதல் இரண்டு எழுத்தில் துணைக் கோப்புறை போட்டு வையுங்கள்.

ஒரு மடலுக்கு ஒரு ஃபைல் என்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. பழைய செய்தி சர்வர்களெல்லாம் அப்படித்தான் வைத்தன, டிஸ்கில் இடம் தாராளமாக இருக்கும்போதே ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் டிஸ்கில் ஒன்று தேவைப்படும் பதிவு) தீர்ந்துபோய் 'இடமில்லை' என்று பிழை வரும். அதனால்தான் ஐஎன்என் என்ற செய்தி சர்வர் நிரலில் பின்னாளில் சிஎன்எஃப்எஸ் என்ற சேமிப்பு முறை வந்தது: பெரிய ஃபைல் ஒன்றை முன்பே ஒதுக்கி வைத்து, நிறைந்ததும் ஆரம்பத்திலிருந்து மேலெழுதிக்கொண்டே போகும். சொந்தமாகப் படிக்க மட்டும் என்றால் அவ்வளவு தேவையில்லை, கோப்பு அமைப்பை உருவாக்கும்போதே ஐநோடு கூடுதலாகக் கேளுங்கள், போதும்.

ஒருமுறை வந்த மடல் மாறாது என்பதால் அதை எவ்வளவு நாள் வேண்டுமானாலும் கேஷில் வைக்கலாம் (ஏற்கெனவே வந்த மடலை நீக்கச் சொல்லும் ரத்து மடல்கள் வேறு கதை). மாறிக்கொண்டே இருப்பது குழுவின் முதல் எண்ணும் கடைசி எண்ணும்தான். அதை மட்டும் சில நிமிடத்துக்கொருமுறை கேட்டால் சரி. கடைசி எண் திடீரென்று குறைந்திருந்தால் எந்த எண்ணுக்கு எந்த மெசேஜ்-ஐடி என்ற அட்டவணையைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள், மடல்களைத் தொட வேண்டாம்.

பிளான் 9 என்ற இயங்குதளத்தில் இதே வேலையைச் செய்யும் என்என்டிபிஎஃப்எஸ் நிரலின் வடிவமைப்பு எனக்குப் பிடித்தது: குழுப் பெயரின் புள்ளிகள் கோப்புறைகளாகும், ஒவ்வொரு மடலும் ஒரு கோப்புறை, அதற்குள் முழு மடல், தலைப்பகுதி, உடல் என மூன்று ஃபைல். அழகு. ஆனால் நெட்வொர்க்கை ஃபைலாக வேடம் கட்டிவிட்டால் மற்ற நிரல்களும் அதை ஃபைல் என்றே நம்பிவிடும். பட்டியல் கேட்கும்போது ஒவ்வொரு மடலின் அளவையும் சொல்ல வேண்டும், அதற்காக மடலையே இறக்கினால் தொலைந்தோம். ஓவர்வியூ வரியிலேயே (மடல் ஒவ்வொன்றுக்கும் சர்வர் தரும் சுருக்க வரி) பைட் எண்ணிக்கை வருகிறது, ஆனால் அது ஒவ்வொரு வரியின் முடிவையும் இரண்டு எழுத்தாகக் கணக்கிட்டது, நீங்கள் வரிமுடிவை ஒரே எழுத்தாக மாற்றிக் கொடுத்தால் சொன்ன அளவும் கொடுத்த அளவும் ஒத்துப்போகாது. அதோடு புள்ளியில் தொடங்கும் வரிகளுக்கு முன்னால் என்என்டிபி (செய்திக்குழு சர்வரோடு பேசும் நெறிமுறை) ஒரு புள்ளியைக் கூடுதலாகச் சேர்த்து அனுப்பும், கேஷில் எழுதும் முன் அதை நீக்க மறந்தால் நிரல்துண்டு இருக்கும் மடல்கள் கெட்டுப்போகும்.

அப்புறம், இரவில் ஃபைல் பெயர்களைத் தொகுக்கும் வேலையும் பேக்கப்பும் இந்த ஃபைல் சர்வரைப் பொருத்திய கோப்புறைக்குள் நுழையாமல் முதல் நாளே விலக்கி வையுங்கள். நான் வைக்கவில்லை. விடிந்து பார்த்தால் நான் வாழ்நாளில் திறக்காத குழுக்களின் மடல்கள்கூட வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன.